வானவில் என்று பெயர் வைத்தோம்

கச்சிராயபாளையம் சாலையில் புதிதாக ஒரு துணிக்கடை வருகிறது. நேற்றுக் காலை பேருந்துக்காக நின்றிருந்தபோது தின்னர் வாடை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏணியில் நின்று கடையின் பெயர்ப்பலகைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். கடைக்குப் பெயர் ‘வானவில்’. எழுத்துக்கு மேலே ஏழு பட்டைகள் கொண்ட ஒரு வளைவு. ஊதா மேலே இருந்தது, சிவப்பு அடியில்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிழை திருத்திய வாய் சும்மா இருக்கவில்லை. “செவப்பு மேல வரணுங்க. மாத்திப் போட்டுட்டீங்க” என்றேன்.

அவர் பிரஷைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். “எது மேல இருந்தா இன்னா சார்? பாக்க கலரா கீதா இல்லியா, அத்த சொல்லுங்க.”

பேருந்து வந்தது, ஏறவில்லை. அந்த வாடையிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். சிவப்பு மேலே, ஊதா கீழே என்ற இந்த ஒரு விஷயத்துக்காக நீயும் நானும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க இப்போது நீ இல்லை. நீ போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்தபோது மூன்று முறை எழுதத் தொடங்கி மூன்று முறையும் கிழித்துப் போட்ட கடிதத்தை இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கிழிப்பதற்கு எனக்கு இனிக் காரணம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் இருந்தது. மாடிப்படி குறுகல். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். உன்னை முதலில் பார்த்தது அந்தப் படியில்தான். நான் இறங்கினேன், நீ ஒட்டி நின்றாய். நான் போன பிறகும் நீ நகரவில்லை என்பதைத் தெருவில் நின்று கவனித்தேன். மறுநாள் கேட்டதற்கு, “பின்னாடி இன்னும் யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்” என்றாய். மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் உன் ஊர். அந்த ஊரில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நீ. யாருக்கும் வழிவிட்டு நிற்பது உனக்குப் பழகிப்போயிருந்தது. அது அப்போது எனக்கு அடக்கமாகத்தான் தெரிந்தது.

நமக்கு ஒரே வயது. இரண்டு பேரும் பட்டம் வாங்கியாயிற்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாயிற்று, இனி டைப்பும் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். வாரத்தில் ஐந்து நாள் நீ நகரத்தில் ஓர் உறவினர் அறையில் தங்கினாய். நான் கச்சிராயபாளையத்திலிருந்து சின்னசேலம் போகிற சாலையில் உள்ள எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் வந்துபோனேன். உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். படமும் போடுவாய். எனக்குக் கவிதைப் பைத்தியம். கையெழுத்துப் பத்திரிகை நடத்தலாம் என்று சொன்னது நான். ‘வானவில்’ என்று பெயர் சொன்னதும் நான்.

உனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “வானவில்லு ரெண்டு நிமிஷத்துல காணாம பூடும்டா. பத்திரிகைக்கு ஆவாத பேரு.”

“எல்லாக் கலரும் சேந்து ஒண்ணா நிக்குதில்ல? எல்லா ஊர்க்காரனும் எழுதப் போறோம். அதான் வானவில்லு” என்று பிடிவாதம் பிடித்தேன்.

“சரி வையி. நிக்கற வரைக்கும் நிக்கட்டும்” என்றாய்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு பிரதி. நீ எழுதி, அட்டைக்கு வாட்டர் கலரில் வளைவு போட்டு, ஊசி நூலால் தைப்பாய். அது கை மாறிக் கை மாறிப் போகும். கடைசியில் வாசகர் கருத்துக்கு என்று நாலு பக்கம் வெறுமையாக விட்டிருப்போம். பத்திரிகை திரும்பி வரும்போது அந்த நாலு பக்கத்தைத்தான் முதலில் படிப்போம். டீக்கறை, எண்ணெய்க்கறை, பென்சிலில் ஒரு வரி, சிவப்பு மையில் ஒரு திட்டு. ஒரு முறை யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிய விரலோடு புரட்டியிருந்தார்கள். “இதுவும் கருத்துதான்” என்று அந்தக் கறையைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டாய்.

முதல் இதழிலேயே நான் ஒரு கவிதை எழுதியிருந்தேன். ஏழு நிறமும் ஒன்றாய்ச் சேர்ந்ததுபோல் மனிதர்களும் சேர வேண்டும் என்ற மாதிரி. படியெடுக்க உட்கார்ந்த நீ பேனாவை மூடிவைத்தாய்.

“ஒண்ணாவாடா நிக்குது? வரிசையில நிக்குது. செவப்பு எப்பவும் மேல. கத்திரிப்பூக் கலரு எப்பவும் அடியில. எத்தினி தடவ மழ பேஞ்சாலும் எடம் மாறாது. கீழ நிக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.”

எனக்குச் சுருக்கென்றது. “எல்லாத்தையும் குத்தம் சொல்லிக்கினே இரு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கவிதையை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் படியெடுத்துக் கொண்டுவந்து காட்டினாய். அதைப் பார்த்ததும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த வயதில் எனக்கு நட்பு என்றால் அப்படித்தான் இருந்தது.

வருட முடிவு இதழுக்கு நீ ஒரு கட்டுரை எழுதுவதாகச் சொன்னாய். வானவில் என்ற சொல்லை யார் யார் எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று சேர்க்கப் போகிறாய். நூலகத்தில் அகராதியைப் புரட்டி இந்திரவில், திருவில் என்று எழுதிக்கொண்டாய். “எல்லாப் பேருலயும் வில்லு கீது. அம்பு எங்கடா போச்சி?” என்று நூலகத்துக்குள்ளேயே உரக்கக் கேட்டாய். நூலகர் நம்மை வெளியே அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தோம். பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர் ஒலிபெருக்கியில் வந்த வாக்குறுதியைக் கேட்டு, “போன தபா வானவில்லக் காமிச்சிட்டுப் போனாரு. கையில ஒண்ணும் ஒட்டல” என்றார். பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் அதை எழுதிக்கொண்டாய். சைக்கிளில் புடவை விற்றவர் ஒரு புடவையை விரித்து வானவில் பார்டர் என்று சொன்னார். எண்ணிப் பார்த்தோம், நாலு நிறம்தான். “நாலு போட்டாலே வானவில்லுதாம்மே, எவன் எண்ணிப் பாக்கறான்?” என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாய். உன் அம்மா, வில் ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கியிருக்கிறது, விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்று சிறுவயதில் உன் கையைத் தட்டிவிட்டதையும் சேர்த்தாய்.

என் அம்மா சொன்னதும் அதில் இருந்தது. நீ எங்கள் வீட்டுக்கு வருவது அபூர்வம். வந்தாலும் வாசலோடு நின்றுவிடுவாய். “இன்னாடா ஒன் தோஸ்து, வானவில்லாட்டம் எப்பவோ ஒருக்கா தலையக் காட்டறான்? வூட்டுக்குள்ள வந்து சாப்ட்டுப் போவச் சொல்லு” என்று அம்மா என்னிடம் கேட்டது உன் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு உள்ளே வந்து சாப்பிட்டாய். கீரைக் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாய்.

கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. காலையில் வானவில் மேற்கே தெரியும். கீழே இருக்கிற நாங்கள் பார்த்தால் அது உங்கள் மலைமேல் நிற்கும். மாலையில் கிழக்கே தெரியும். மேலே இருக்கிற நீங்கள் பார்த்தால் அது எங்கள் கரும்பு வயல்மேல் நிற்கும். ‘இவர்கள் அவர்களிடம் இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் இவர்களிடம் இருக்கிறது என்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்திவிட்டாய். விளக்கம் எழுதவில்லை.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தன. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்ற போராட்டம். சுவரெல்லாம் எழுத்து, வாரம் ஒரு கூட்டம். கேட்டதில் தவறு இல்லை. எங்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய வீடு ஒன்றுகூட இல்லை. என் அப்பா வெட்டிய கரும்பில் முக்கால்வாசி அடுத்தவர் நிலத்தில் விளைந்தது. நீயும் அதைத்தான் சொன்னாய். “கேக்கறது நாயந்தான். கேக்காம யாரு குடுத்தாங்க?”

என் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் அண்ணன், எங்கள் ஊரில் அதற்கு முன்னால் நின்றான். அவனும் பட்டம் படித்துவிட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் எங்கள் வீட்டில் கிடந்த இதழை எடுத்துப் படித்துவிட்டுக் கருத்துப் பக்கத்தில் பெரிதாக எழுதினான்: ‘வயிறு காயறவனுக்கு வானவில் எதுக்கு?’

உன்னிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. நீ அதை இரண்டு முறை படித்தாய். “இதாண்டா இத்தினி நாளு தேடிக்கினு இருந்தது” என்றாய். உன் கட்டுரையின் கடைசி வரியாக அதை வைத்தாய். அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாய்.

புரட்டாசி தொடக்கத்தில் சாலை மறியல் வந்தது. ஒரு வாரம். சாலையோரத்துப் புளிய மரங்கள் வெட்டிக் குறுக்கே சாய்க்கப்பட்டன. பேருந்து இல்லை, லாரி இல்லை. உளுந்தூர்பேட்டையில் வண்டிகள் மைல் கணக்கில் நிற்பதாகச் சொன்னார்கள். சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு என்றும், குடிசைகள் எரிந்தன என்றும் செய்தி வந்தது. எது நிஜம், எது வதந்தி என்று தெரியாமல் ஊரே வாசலில் நின்றது. எங்கள் ஊருக்கு ஒரு மைல் தெற்கே இரண்டு மரங்கள் கிடந்தன. அண்ணனும் முப்பது பேரும் அங்கே இருந்தார்கள். நானும் முதல் நாள் போய் உட்கார்ந்தேன். இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாள் காலை வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்ததால் வீட்டில் இருந்தேன்.

அப்போதுதான் நீ வந்தாய்.

வேட்டி முழங்கால் வரை சேறு. தோளில் ஒரு ரெக்சின் பை. முந்தின நாள் விடியலில் மலையிலிருந்து இறங்கத் தொடங்கி, கச்சிராயபாளையத்தில் தங்கி, காலையில் நடந்து வந்திருந்தாய். பையிலிருந்து ஒரு நீளமான உறையை எடுத்துக் காட்டினாய். கடலூரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்காணல்.

“சின்னசேலத்துல மத்தியானம் ரயிலு ஓடுதாம்டா. அத்தப் புடிச்சா விருத்தாசலம் போயி காலையில கடலூர்ல இருப்பேன்.”

“சரி, போ” என்றேன். “நடந்து போறவன யாரு தடுக்கப் போறாங்க?”

“தடுக்கறாங்க. வழியிலயே ஒரு எடத்துல கேட்டாங்க, எங்க போற, இன்னா ஜாதி, பையில இன்னா. வேலைக்குப் போறேன்னா விடுவாங்களா?” பையைத் தோளில் சரிசெய்துகொண்டாய். “நீ என் கூட வா. ஒண்ணும் பேச வேணாம். சைக்கிள்ல முன்னாடி நீ ஒக்காந்திருந்தா போதும். ஒங்க ஆளுங்க ஒன்னப் பாத்தா விட்டுருவாங்க. பத்து கிலோமீட்டரு. ரயிலடியில எறக்கி வுட்டுட்டு வந்துரு.”

நீ அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதை இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு புத்தகம்கூட நீ கேட்டு வாங்கியதில்லை. நானாகக் கொடுத்தால்தான்.

தெருவில் ஆட்கள் நின்றார்கள். எதிர்வீட்டுத் தாத்தா நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுவரை மரத்தின் மேல் உட்கார்ந்து கோஷம் போட்டவன், இன்று அரசாங்க வேலைக்குப் போகிற ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே மரத்தைத் தாண்டிப் போவதா? அண்ணன் என்ன நினைப்பான்? ஊர் என்ன பேசும்? இவ்வளவும் நினைத்தேன். உன்னைப் பற்றி நினைத்தேனா என்றால், அந்தச் சில நிமிடங்களில் நினைக்கவில்லை.

“சைக்கிள் பஞ்சர்டா” என்றேன்.

சைக்கிள் உனக்குப் பக்கத்தில்தான் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு டயரிலும் காற்று இருந்தது. நீ அதைப் பார்த்தாய். முன் டயரை விரலால் அமுக்கிப் பார்ப்பாயோ என்று பயந்தேன். நீ அமுக்கவில்லை. உறையை மடிக்காமல் பைக்குள் வைத்தாய்.

“சரிடா” என்றாய். “அம்மா இருக்காங்களா? தண்ணி குடு.”

அம்மா வயலில் இருந்தாள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, தெற்கே நடந்தாய். திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகாவது சைக்கிளை எடுத்திருக்கலாம். ஒரு மைல். ஐந்து நிமிடத்தில் உன்னைப் பிடித்திருக்கலாம். எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தான். காலைக் கழுவிக்கொண்டே சொன்னான். மலைக்காரன் ஒருவன் பையோடு வந்தான். விசாரித்ததில் கடலூருக்கு வேலை நேர்காணலுக்குப் போகிறான் என்று தெரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று நாங்கள் ரோட்டில் கிடக்கிறோம், நீ மட்டும் போய் நாற்காலியில் உட்காருவாயா என்று ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். சான்றிதழ்ப் பையை வாங்கி வைத்துக்கொண்டு மரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

“அடிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“சே, எதுக்கு அடிக்கறோம்? மத்தியானம் எங்களோட சோறு துன்னான். ரயிலு போற நேரம் தாண்டினப்புறம் பையக் குடுத்து அனுப்பிட்டோம்.” துண்டால் முகத்தைத் துடைத்தவன் என்னைப் பார்த்தான். “ஒன் பேரச் சொன்னான்டா. அவன் என் தோஸ்துன்னான். நாந்தான் நம்பல. நெசமாவே ஒன் தோஸ்தா?”

நான் தலையாட்டினேன்.

“அடப்பாவி, நீ வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பேனே” என்றான் அண்ணன்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா காரணம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். பொய் ஒன்று தொடங்கினால் அடுத்தது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறியல் முடிந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். நீ வரவில்லை. மறு வாரமும் வரவில்லை. உன் அறையைக் காலி செய்துவிட்டதாக உன் உறவினர் சொன்னார். வருட முடிவு இதழ் வரவே இல்லை. உன் கட்டுரை எழுதிய தாள்கள் உன்னிடம்தான் இருந்தன. ‘வானவில்’ நின்றுபோனதற்கு வாசகர்களிடம் நான் சொன்ன காரணம், படியெடுக்க ஆள் இல்லை என்பது.

மலைக்கு வந்திருக்கலாம். வெள்ளிமலைக்குப் பேருந்து இருந்தது. இல்லாவிட்டாலும் என்னிடம் சைக்கிள் இருந்தது. கச்சிராயபாளையம் வரை இரண்டு முறை வந்து அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளினேன். கொஞ்ச நாள் வருடங்களாயிற்று.

போராட்டத்துக்குப் பலன் கிடைத்தது. தனிப் பங்கு வந்தது. அந்தப் பங்கில்தான் எனக்கு வேலை வந்தது. ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். உத்தரவை வாங்கிய அன்று அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். எங்கள் தெருவின் முதல் அரசாங்கச் சம்பளம். எனக்கு அந்தக் காகிதத்தின் நீளமான உறையைப் பார்க்க முடியவில்லை. எங்கள் சனம் கேட்டது சரி, கிடைத்ததும் சரி, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் செய்தது வேறு. போராட்டத்தின் மேல் அதைச் சுமத்திவிட்டு நான் நழுவ முடியாது. அண்ணனே விட்டிருப்பேன் என்றானே.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைச் சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொல்வேன். வானவில் என்ற சொல் வரும். ‘வானவில் அழகானது’ என்று நாற்பது பேர் எழுதுவார்கள். நாற்பதுக்கும் சரி போடுவேன். ஒரு வருடம் ஒரு பெண், ‘எங்கள் அப்பா வானவில், தீபாவளிக்கு மட்டும் வருவார்’ என்று எழுதியிருந்தாள். பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர். அந்த வாக்கியத்தை உனக்கு அனுப்ப வேண்டும்போல இருந்தது. முகவரி இருந்தது. அனுப்பவில்லை.

நீயும் நானும் அதற்குப் பிறகு சந்தித்தது ஒரே ஒரு முறை. மறியலுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கழித்து, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில். நான்தான் உன்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நீ என் தோளைத் தொட்டாய். குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னாய். கை இரண்டும் காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையால் ஒரு காலத்தில் அச்சு மாதிரி எழுதினாய் என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

“டேய், தெரியுமா? கன்னடத்துல அதுக்குக் காமனபில்லுன்னு பேரு. காமனோட வில்லு. காமனுக்கு அம்புகூட கீது இல்ல, பூவால செஞ்சது? நாம கேட்டமே, அம்பு எங்கன்னு” என்று சொல்லிச் சிரித்தாய். முகம் அப்படியே பழைய முகமாயிற்று. “கட்டுரையில சேத்து எழுதணும்.”

கட்டுரை இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாய். அப்போது எனக்குத் தைரியம் வந்தது. “அன்னிக்கு…” என்று தொடங்கினேன்.

“பஸ்ஸு எடுக்கறான்டா” என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாய். பேருந்து நின்றுகொண்டுதான் இருந்தது. ஓட்டுநர் ஏறவே இல்லை. நீ போய் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாய். கால் மணி நேரம் கழித்துத்தான் அது கிளம்பியது. அந்தக் கால் மணி நேரமும் நான் டீக்கடையிலேயே நின்றேன். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லவில்லை. நீ வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

நீ இறந்த செய்தி எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மலைப்பள்ளியில் வேலை பார்க்கிற பழைய மாணவர் ஒருவர் பேச்சுவாக்கில் உன் ஊரைச் சொன்னார். நான் உன் பெயரைச் சொல்லி விசாரித்தேன். நெஞ்சுவலி என்றும், கீழே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். மறுநாளே மலை ஏறினேன். நீ உயிரோடு இருந்தபோது முப்பது வருடத்துக்கு மேல் வராதவன், மறுநாளே வந்தேன்.

உன் வீடு மரவள்ளித் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. உன் மனைவி வாசலில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

“நீங்கதானா அந்த வானவில்லு அண்ணன்! வாங்கண்ணா, உள்ள வாங்க. அவரு ஒங்களப் பத்திப் பேசாத மாசம் இல்ல.”

உள்ளே உன் படம். மாலை வாடியிருந்தது. நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு வெள்ளிமலையில் வேலை பார்க்கும் உன் மகள் விடுப்பில் வந்திருந்தாள். கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் கண் அவளுக்கு. நேராகப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். பேருந்தில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் உன் மனைவி பேசினார்.

“மறியல் அன்னிக்கி நீங்க பட்ட பாட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சிபோவாருண்ணா. ஊரே பாக்க என்ன சைக்கிள்ல ஏத்திக்கினு வந்தான், அவங்க ஆளுங்க அத்தினி பேரும் நிக்கறாங்க, பயப்படவே இல்ல, வழியில பஞ்சர் ஆயிடுச்சி, அவன் இன்னா பண்ணுவான்னு. இந்தக் காலத்துல எந்தத் தோஸ்து அப்பிடி வருவான்னு எங்க பசங்கள ஒக்கார வெச்சி சொல்லுவாரு.”

காப்பி டம்ளர் என் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

நான் சொன்ன பொய்யை நீ எடுத்துப்போயிருக்கிறாய். முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்திருக்கிறாய். அதை அப்படியே வைத்திருந்தால் நான் ஒரு கோழை. சாலைக்குக் கொண்டுபோய், டயரில் நிஜமாகவே முள் ஏற்றி, என்னை ஒரு நல்லவனாக்கி உன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாய். எதற்காகச் செய்தாய்? என்மேல் இருந்த இரக்கமா? உன் நண்பன் அப்படிப்பட்டவன் என்று உன் வீட்டில் சொல்ல உனக்கே கூச்சமாக இருந்ததா? பேருந்து நிலையத்தில் என் பேச்சை நீ நிறுத்தியது இதற்காகத்தானா? நான் மன்னிப்புக் கேட்டுவிட்டால், நீ கட்டி வைத்த அந்த ஒருவன் உடைந்துவிடுவான் என்றா? நீ இல்லாமல் எனக்கு இது தெரியப்போவதில்லை.

“நீங்க ரொம்பத் தூரம் மிதிச்சிக்கினு போனீங்களாண்ணா?” என்றார் உன் மனைவி.

“ஆமாம்மா” என்றேன்.

சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து கிளம்பலாம் என்று நினைத்தபோது உன் மகள் கேட்டாள்.

“அன்னிக்கி அந்த ரயிலப் புடிச்சிருந்தா அப்பாவுக்கு வேல கெடச்சிருக்குமா மாமா?”

உன் கையெழுத்தை நினைத்தேன். பேருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு நின்ற உன்னை நினைத்தேன். அவள் காத்திருந்தாள்.

“கெடச்சிருக்கும்மா” என்றேன்.

அன்றைக்கு உன் வீட்டில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைச் சுமந்துகொண்டுதான் மலையை விட்டு இறங்கினேன். இன்னும் அது என்னிடம்தான் இருக்கிறது.